நான்கு வயதுப் பிள்ளைக்குக் கணிப்பொறிப் பாடமா?

பிள்ளைக்கு மூன்று வயது நிறைந்ததும் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று தாய் தந்தையர் கவலைப்பட்டது ஒரு காலம். பள்ளியோடு சேர்த்து வேறு எந்த வகுப்புக்கு அனுப்புவது என்று கவலைப்படுவது இந்தக் காலம். ஓவியம், அபாகஸ், ஆங்கிலப் பேச்சு என்று நீண்டுகொண்டே போகும் அந்தப் பட்டியலில் சில ஆண்டுகளாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அதற்குக் 'கோடிங்' என்று பெயர். கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும் கலை அது. நான்கு வயதிலேயே அதைத் தொடங்கிவிட வேண்டும் என்றும், தொடங்காத பிள்ளை பிற்காலத்தில் பின்தங்கிவிடும் என்றும் விளம்பரங்கள் அச்சமூட்டுகின்றன. நெய்வேலியின் அருகே இருக்கும் எங்கள் வடலூர் வரைக்கும் அந்த விளம்பரங்கள் வந்து சேர்ந்துவிட்டன.

எழுத்துக் கூட்டிப் படிக்கவே தெரியாத பிள்ளை கணிப்பொறிக்கு என்ன கட்டளை எழுதும்? இது முழுக்க முழுக்க வணிகமா? அல்லது இதில் பிள்ளைக்கு உண்மையான நன்மை ஏதேனும் உண்டா? நன்மை உண்டென்றால் அதைப் பெறுவதற்கு இத்தனை செலவு தேவைதானா? எங்கள் வீட்டில் இக்கேள்விகள் எழுந்தபோது, முப்பது ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில், இதைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். படித்தவற்றையும், என் பேரனோடு தரையில் உட்கார்ந்து செய்து பார்த்தவற்றையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

வீட்டில் எழுந்த கேள்வி

என் மகளும் அவளுடைய நான்கு வயது மகனும் எங்களோடு இருக்கிறார்கள். மருமகன் ஷார்ஜாவில் கட்டட வேலை பார்க்கிறார். ஒரு நாள் தொலைபேசியில் பேசும்போது, "மாமி, இங்கே எங்க மேலதிகாரிகளின் பிள்ளைகள் எல்லாம் கோடிங் படிக்கிறார்கள். நம்ம பிள்ளையையும் இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்த்துவிடுவோம். கூடுதல் நேரம் வேலை பார்த்தாவது பணம் அனுப்பிவிடுகிறேன். என்னைப் போல அவனும் வெயிலில் சாரம் ஏறி நிற்க வேண்டாம்" என்றார்.

அவர் சொன்ன வகுப்பின் கட்டணம், பேரனின் ஓராண்டுப் பள்ளிக் கட்டணத்தைவிட அதிகம். ஆயினும் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட பிறகு 'வேண்டாம்' என்று சட்டென்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைப் பிரிந்து கடல் கடந்து வாழும் தகப்பன், தன்னால் கொடுக்க முடிந்ததைக் கொடுக்கத் துடிக்கிறார். அந்தத் துடிப்புக்கு மதிப்பளிக்க வேண்டும். அதே நேரம் வியர்வை சிந்தி ஈட்டிய பணம் வீணாகிவிடவும் கூடாது.

எங்களுக்கு வேறொரு கவலையும் இருந்தது. எல்.கே.ஜி. வகுப்பில் சேர்ந்த சில மாதங்களில் பேரனிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. எழுதிய எழுத்து சற்றுக் கோணிவிட்டால் போதும். பென்சிலைத் தூக்கி எறிந்துவிடுவான். "எனக்கு வராது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் போட்ட பெருக்கல் குறிகளைத் தன் கையால் மறைத்துக்கொண்டு காட்டுவான். நான்கு வயதில் ஒரு பிள்ளை 'எனக்கு வராது' என்று முடிவு கட்டிவிட்டால், பின்னர் எத்தனை வகுப்புகளுக்கு அனுப்பி என்ன பயன்?

கட்டளை எழுதுவது என்றால் என்ன?

கணிப்பொறி தானாகச் சிந்திக்கும் இயந்திரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அதற்கு நாம் ஒவ்வொரு படியாக வேலையைப் பிரித்துச் சொல்ல வேண்டும். எது முதலில், எது பிறகு, எதை எத்தனை முறை, எந்த நிலை வந்தால் எதைச் செய்வது என்று வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டும். அந்த வரிசைக்கு நிரல் என்று பெயர். சொன்னது சரியென்றால் வேலை சரியாக நடக்கும். சொன்னதில் ஒரு படி விட்டுப்போனால், விட்டுப்போனபடியே நடக்கும்.

இந்த ஒழுங்கு நம் வீடுகளுக்குப் புதிதன்று. பாட்டனாருக்குப் பக்கத்தில் நின்று உளூச் செய்யப் பழகும் சிறுவன், கையிலிருந்து கால் வரை எதன் பின் எது என்பதைப் புத்தகம் இல்லாமலேயே கற்றுக்கொள்கிறான். தேநீர் போடும் தாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமி, தண்ணீர் கொதித்த பிறகே தேயிலை விழும் என்பதை அறிந்திருக்கிறாள்.

படிப்படியான இந்த வழிமுறைக்கு உலக மொழிகளில் வழங்கும் 'அல்காரிதம்' என்ற சொல்லே, 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. கலீஃபா மஃமூன் காலத்தில் 'பைத்துல் ஹிக்மா' என்னும் அறிவு மன்றத்தோடு தொடர்பு கொண்டிருந்த அவர், இந்திய எண்முறையைக் கொண்டு கணக்கிடும் வழிகளை விளக்கி எழுதினார். அந்நூல் இலத்தீன் மொழிக்குச் சென்றபோது அவர் பெயரும் 'அல்கோரித்மி' என்று திரிந்து, வழிமுறைக்கே பெயராகிவிட்டது. எந்த இயந்திரமும் இல்லாத காலத்திலேயே வழிமுறை இருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆகவே, இயந்திரம் கைக்கு வருமுன்னரே வழிமுறையைப் பிள்ளைக்குக் கற்பிக்க முடியும்.

ஆமையும் வண்ண அட்டையும்

சிறுவர்கள் கணிப்பொறிக்குக் கட்டளையிடலாம் என்ற எண்ணம் அரை நூற்றாண்டுக்கும் மேல் பழையது. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் சேர்ந்து சிறுவர்களுக்கென்று 'லோகோ' என்ற கணிப்பொறி மொழியை உருவாக்கினர். அடுத்த சில ஆண்டுகளில் அதற்கு ஓர் 'ஆமை' வந்து சேர்ந்தது. தரையில் ஊர்ந்து செல்லும் சிறு இயந்திரம் அது. 'முன்னே செல்', 'வலப்பக்கம் திரும்பு' என்று ஆணையிட்டால் அவ்வாறே சென்று, தன்னிடமுள்ள பேனாவால் தரையில் விரித்த தாளில் கோடு வரையும். பேப்பர்ட் அதற்கு முன் ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் ழான் பியாஜேயோடு பணியாற்றியவர். ஆமை எப்படித் திரும்ப வேண்டும் என்று தெரியாத பிள்ளையிடம், 'நீயே ஆமையாக நடந்து பார்' என்று சொல்ல வேண்டும் என்பது அவருடைய வழி. தன் உடம்பைக் கொண்டே பிள்ளை விடையைக் கண்டுபிடித்துவிடும்.

ஆயினும் லோகோ மொழிக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தறியாத மழலைக்கு என்ன செய்வது? இந்தக் கேள்வியை 1970களின் நடுவில் எடுத்துக்கொண்டவர் ரேடியா பெர்ல்மன் என்ற இளம்பெண். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றுவந்த அவர், பொத்தான்கள் கொண்ட பெட்டி ஒன்றை முதலில் செய்தார். ஒரு பொத்தானுக்கு ஆமை முன்னே செல்லும், இன்னொன்றுக்குத் திரும்பும், மற்றொன்றுக்கு ஒலி எழுப்பும். அதன்பின் படம் வரைந்த அட்டைகளைச் செருகும் கருவி ஒன்றைச் செய்தார். பிள்ளை அட்டைகளை வரிசையாகச் செருகிப் பொத்தானை அழுத்தினால் ஆமை ஒவ்வோர் அட்டையாக நிறைவேற்றிக்கொண்டு போகும். எந்த அட்டை நடந்துகொண்டிருக்கிறதோ அங்கே விளக்கு எரியும். ஆமை வழி தவறினால், எந்த இடத்தில் தவறியது என்பதைப் பிள்ளையே கண்ணால் கண்டு, அந்த ஓர் அட்டையை மட்டும் மாற்றிவிடலாம்.

பள்ளி வயதை எட்டாத மழலைகளும் அதைக் கையாண்டார்கள். ஆனால் பெர்ல்மன் அந்தப் பணியைத் தொடரவில்லை. பெண்கள் மிகக் குறைவாக இருந்த அத்துறையில், சின்னஞ்சிறு பிள்ளைகளோடு விளையாடும் வேலையைச் செய்தால் தன்னை விஞ்ஞானியாக மதிக்கமாட்டார்களோ என்று கூசியதாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். அதன்பின் கணிப்பொறி வலையமைப்புத் துறைக்குச் சென்று, 1985இல் வெளிவந்த தம் வழிமுறையால் உலகப் புகழ் பெற்றார். மழலைக்குக் கற்பிப்பது மட்டமான வேலை என்ற எண்ணம் நம் நாட்டில் மட்டும் இல்லை போலும்! அங்கன்வாடிப் பணியாளரையும் பாலர் வகுப்பு ஆசிரியையையும் ஏளனமாகப் பேசுவோர் இந்த வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வடலூர்ச் சந்திப்பில் ஒரு பேருந்து

இவற்றைப் படித்த பிறகு, ஆமைக்குப் பதில் நானே ஆமையாகிவிடலாம் என்று தோன்றியது. வடலூர் நான்கு சாலைகள் கூடும் ஊர். வடக்கே பண்ருட்டி, தெற்கே சேத்தியாத்தோப்பு, கிழக்கே குறிஞ்சிப்பாடி, மேற்கே விருத்தாசலம். கூடத்துத் தரையில் சாக்கட்டியால் அந்தச் சந்திப்பை வரைந்தேன். நான் பேருந்து, பேரன் ஓட்டுநர். 'முன்னால் ஓர் அடி', 'வலப்பக்கம் திரும்பு', 'இடப்பக்கம் திரும்பு' என்ற மூன்று கட்டளைகள் மட்டுமே உண்டு. அவன் சொல்வதை அப்படியே செய்வேன். நானாக எதுவும் செய்யமாட்டேன்.

பண்ருட்டியிலிருந்து வரும் பேருந்து குறிஞ்சிப்பாடிக்குப் போக வேண்டும். அவன் சேத்தியாத்தோப்புப் பக்கம் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். குறிஞ்சிப்பாடி அவனுடைய வலக்கைப் பக்கம் இருந்தது. "வலப்பக்கம் திரும்பு" என்றான். திரும்பினேன். பேருந்து விருத்தாசலம் சாலையில் நின்றது! அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கம்போல் முகம் வாடியது. "எனக்கு வராது நன்னி" என்று எழுந்துவிட்டான்.

"பஸ் நீ சொன்னபடிதான் போச்சு. நீ சொன்னதுல எந்தச் சொல்லை மாத்தணும்னு மட்டும் பாரு" என்றேன். சற்று நேரம் நின்றான். பிறகு வந்து என் முன்னால், நான் பார்த்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "நன்னி, உங்களுக்கு இந்தப் பக்கம்தான் இடது!" என்று கூவினான். பேருந்து குறிஞ்சிப்பாடி போய்ச் சேர்ந்தது. பேப்பர்ட் சொன்ன பாடத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவன் காலாலேயே கற்றுக்கொண்டான்.

பிறர் நின்ற இடத்தில் நின்று பார்த்தால் வலமும் இடமும் மாறும் என்பது சிறு செய்தி அன்று. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அது கடினமான செய்தி. அதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. வழி தவறியபோது 'நான் மோசம்' என்று எண்ணாமல், 'இந்தச் சொல்லை மாற்ற வேண்டும்' என்று எண்ண அவனுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. கணிப்பொறி வல்லுநர்களின் நிரலிலும் பிழைகள் வருகின்றன. அவற்றைத் தேடித் திருத்துவது அவர்களுடைய அன்றாட வேலை; அதற்காக அவர்கள் யாரும் பென்சிலை எறிவதில்லை.

நம் மண்ணில் இருந்த கணக்கு

ஆமை தரையில் கோடு வரைவதைப் பற்றிப் படித்தபோது வாசல் கோலம் நினைவுக்கு வந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவர் துணைவியார் ராணி சிரோமணியும் 1970களிலேயே கோலத்தைக் கணிப்பொறி அறிவியலின் கண்கொண்டு ஆராய்ந்தார்கள். கமலா கிருதிவாசனோடு சேர்ந்து அவர்கள் எழுதிய கட்டுரை 1974இல் வெளிவந்தது. புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கம்பிக் கோலத்தை 'நேரே செல், வலம் திரும்பு, இடம் திரும்பு' என்ற நகர்வுகளின் தொடராக எழுதிக் காட்டலாம் என்பதையும் அவர்களுடைய ஆய்வுகள் விளக்கின. ஆமைக்கு இடும் கட்டளைகளும் இவைதாமே!

கோலமிடும் வழக்கம் இல்லாத நம் வீடுகளில் பாய் இருக்கிறது. தாமிரபரணிக் கரையிலுள்ள பத்தமடையில் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்து வருகிறார்கள். எந்த நிறத்துக் கோரை எத்தனை முறை வர வேண்டும், எங்கே மாற வேண்டும் என்ற கணக்கில் ஒன்று தவறினாலும் கரை கெட்டுவிடும். பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாக முத்துப் போட்டுக்கொண்டு போய், கை வெறுமையானதும் அடுத்த குழியை அள்ளும் சிறுமியும், 'தீரும் வரை திரும்பச் செய்' என்ற கட்டளையைத்தான் நிறைவேற்றுகிறாள்.

சுரங்கத்திலிருந்து வந்த விளையாட்டு

நான் பேருந்தாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. அவர் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1957 மே மாதம் பண்டித நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தின் வளர்ச்சியோடு வளர்ந்த குடும்பங்கள் எங்கள் வட்டாரத்தில் ஏராளம். பெருஞ்சக்கரம் ஒன்று மண்ணை வெட்டும். ஒன்றன்பின் ஒன்றாக நீளும் பெல்ட்டுகள் அதைச் சுமந்து செல்லும். கடைசியில் ஸ்ப்ரெட்டர் என்னும் இயந்திரம் அதைக் கொட்டிப் பரப்பும்.

அவர் எங்களை வரிசையாக உட்கார வைத்தார். பேரன் சக்கரம், மகள் முதல் பெல்ட், நான் இரண்டாம் பெல்ட், அவர் ஸ்ப்ரெட்டர். பண்ருட்டிப் பலாவின் கொட்டைகள்தாம் மண். ஒவ்வொருவரையும் தொட்டு 'ஓடு' என்று சொன்ன பிறகே கை நீட்ட வேண்டும். யாரை முதலில் ஓடச் செய்வது என்பதைப் பேரன் தீர்மானிக்க வேண்டும்.

"நான்தான் முதல்ல" என்று தொடங்கினான். மகள் இன்னும் 'ஓடவில்லை' ஆதலால் பலாக்கொட்டைகள் அவள் மடியில் கொட்டிக் குவிந்தன. அடுத்த முறை தாயை ஓடவிட்டுப் பிறகு தான் தொடங்கினான். என்னிடம் வந்து குவிந்தன. மூன்றாம் முறை தோற்றபோது அவன் அழவில்லை. வரிசையை இரண்டு முறை பார்த்தான். மெல்ல எழுந்து போய்த் தன் நன்னாவைத் தொட்டு "ஓடு" என்றான், பிறகு என்னை, பிறகு தாயை, கடைசியில் தானே வந்து உட்கார்ந்து கொட்டைகளை அள்ளிக் கொடுத்தான். ஒன்றும் சிந்தவில்லை.

"நிறுத்தும்போது?" என்று கேட்டார் என் கணவர். "நான் முதல்ல நிக்கணும். இல்லாட்டி எல்லாம் கொட்டிடும்" என்றான். கன்வேயர் வரிசையைக் கொட்டும் முனையிலிருந்து இயக்க வேண்டும், வெட்டும் முனையிலிருந்து நிறுத்த வேண்டும் என்பது சுரங்கத்தில் பின்பற்றும் முறை. கீழே உள்ள பெல்ட் நின்றால் மேலே உள்ளவை தாமே நின்றுவிடுமாறு மின்தொடர்பு அமைத்திருப்பார்கள். என் கணவருக்கு அன்று இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

கருவிகளும் ஆய்வுகளும்

இன்று மழலையருக்கென்றே நல்ல கருவிகள் வந்துள்ளன. தேனீ வடிவத்தில் 'பீ-பாட்' என்ற பொம்மை இருக்கிறது. முதுகிலுள்ள பொத்தான்களில் வழியை வரிசையாகப் பதித்துவிட்டு 'செல்' என்று அழுத்தினால், அடிக்கு 15 சென்டிமீட்டர் வீதம் நகரும். மரினா பெர்ஸ் என்ற பேராசிரியரின் ஆய்வுக் குழு உருவாக்கிய 'கீபோ' என்ற இயந்திரத்துக்குத் திரையே கிடையாது. மரக்கட்டைகளைத் 'தொடக்கம்' முதல் 'முடிவு' வரை கோத்துக் காட்டினால் அது படித்துக்கொண்டு ஆடும், சுழலும். அவரும் மிட்செல் ரெஸ்னிக் குழுவினரும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட 'ஸ்கிராட்ச் ஜூனியர்' 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு உரியது; இலவசமாகவே கிடைக்கிறது. தமிழர்கள் பெருமளவில் வாழும் சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டு வாக்கில் 160 மழலையர் பள்ளிகளில் இத்தகைய விளையாட்டுக் கருவிகளை அரசு அறிமுகப்படுத்தியது.

பயன் உண்டா? பெர்ஸ் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு வாரம் இயந்திரப் பொம்மைக்குக் கட்டளையிட்டுப் பழகிய மழலைகள், கலைந்து கிடந்த கதைப் படங்களை முறையாக அடுக்குவதில் முன்னைவிடத் தேறியிருந்தார்கள். கதையை வரிசையாகச் சொல்லும் திறன் வாசிப்புக்கும் கணக்குக்கும் உதவும். ஆனால் இந்த ஆய்வு எந்தப் பிள்ளையும் பொறியாளராகிவிடும் என்று சொல்லவில்லை.

விளம்பரங்களோ சொல்லின. 2020ஆம் ஆண்டு நம் நாட்டில் சிறுவருக்கான கோடிங் வகுப்பு நடத்திய ஒரு நிறுவனத்தின் சில விளம்பரங்கள் முறையற்றவை என்று இந்திய விளம்பரத் தரக் குழு கண்டு, அவற்றை விலக்கச் செய்தது. நடுவண் அரசு அதே ஆண்டு வெளியிட்ட தேசியக் கல்விக் கொள்கையும் கோடிங் செயல்பாடுகளை நடுநிலை வகுப்புகளில்தான் வைத்திருக்கிறது. மழலைப் பருவத்துக்கு விளையாட்டையே அது வற்புறுத்துகிறது. நம் மாநில அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கும் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்றே பெயர். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தந்த அறிவுரைப்படி, 2 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகள் உட்கார்ந்தபடி திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது. அதிலும் குறைந்தால் நல்லது. படிப்பு என்ற பெயரில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு நாம் அடுக்களைக்குப் போய்விட்டால், பிள்ளை கட்டளையிடப் பழகாது. திரையின் கட்டளைக்குத் தான் ஆடப் பழகும்.

தாய்மார்கள் மனத்தில் கொள்ள வேண்டியவை

எங்கள் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். மூன்று வயதில் ஒரு கட்டளை, ஒரு செயல் போதும். நான்கில் மூன்று நான்கு படிகளைக் கோக்க முடியும். 'மூன்று முறை தட்டு' என்பது போன்ற திரும்பச் செய்தல் அதன்பின் வரும். 'விளக்கு எரிந்தால் நில், அணைந்தால் நட' என்பது இன்னும் சற்றுக் காலம் கழித்துப் பிடிபடும். அவசரப்பட வேண்டியதில்லை.

கட்டளையிடும் இடத்தில் பிள்ளை இருக்க வேண்டும். கேட்டு நடக்கும் இடத்தில் நாம் இருக்க வேண்டும். நாள் முழுவதும் 'உட்கார், எழு, சாப்பிடு' என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு, கால் மணி நேரம் பெரியவர்களை ஆட்டிவைப்பது எத்தனை மகிழ்ச்சி! தவறாகச் சொன்னால் தவறாகவே நடந்து காட்டுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு திருத்திவிட்டால், கண்டுபிடிக்கும் இன்பம் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகும். மதிப்பெண், பரிசு, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடு ஆகிய மூன்றும் வேண்டாம். பெண் பிள்ளைகளையும் இவ்விளையாட்டில் சமமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வசதியுள்ளவர்கள் நல்ல கருவிகளை வாங்கிக் கொடுப்பதில் குற்றமில்லை; பள்ளிகள் வாங்கி வைத்துப் பல பிள்ளைகள் பகிர்ந்துகொண்டால் இன்னும் நன்று. வாங்க இயலாதவர்கள் குறைபட வேண்டியதில்லை. சாக்கட்டியும் தரையும் எல்லா வீடுகளிலும் உண்டு.

மருமகனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று மகள் தயங்கினாள். விளக்கிச் சொல்லாமல், ஒரு விடுமுறை நாளில் பேரனையே பேச வைத்தோம். "அத்தா, நீங்கதான் இப்ப பஸ். நான் சொல்றபடி நடக்கணும்" என்றான். ஷார்ஜாவில் ஆறு பேர் தங்கியிருக்கும் அந்த அறையில் மருமகன் கைப்பேசியை மேசைமேல் நிறுத்திவிட்டு நடுவில் வந்து நின்றார். கதவு வரை போய்ச் சேர வேண்டும். "முன்னால் மூணு அடி" என்றான் பேரன். மூன்றாம் அடியில் கட்டில் முழங்காலில் இடித்தது. அறையிலிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மருமகன் பிள்ளை முகத்தைத்தான் பார்த்தார். முன்பு போல் அது வாடிவிடுமோ என்ற அச்சம் அவர் கண்ணில் தெரிந்தது.

பேரன் சொன்னான்: "இருங்க அத்தா. சொன்னதுல ஒண்ணு அதிகமாயிடுச்சு. ரெண்டு அடிதான். மாத்திச் சொல்றேன்."

அன்று அவர் கதவை அடைய ஐந்து முறை முயல வேண்டியிருந்தது. அதன்பின் வகுப்புக் கட்டணத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. விடுமுறை நாள்களில் இப்போதும் பேருந்தாகிறார். அந்தப் பணம் பேரன் பெயரில் அஞ்சலகச் சேமிப்பில் சேர்ந்துகொண்டிருக்கிறது. அவன் வளர்ந்து, உண்மையிலேயே கணிப்பொறி படிக்க விரும்பினால் அப்போது உதவும். தச்சு வேலையோ தையற் கலையோ படிக்க விரும்பினாலும் உதவும்.

சகோதரிகளே! உங்கள் வீட்டு மழலையும் இன்று மாலை உங்களை அடுக்களையிலிருந்து வாசல் வரை நடத்திச் செல்லட்டும். சுவரில் ஒருமுறை முட்டிக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளை என்ன சொல்கிறது என்று பொறுமையாகக் கேளுங்கள்.